எடுக்காமல் விட்ட அழைப்பு

காங்கேயம் ரோடு,
திருப்பூர்.
வெள்ளிக்கிழமை

என் செல்ல மகள் அஃப்ஷீனுக்கு அம்மா பத்ருன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. அல்ஹம்துலில்லாஹ், இங்கே நானும் அத்தாவும் தம்பி ஃபைஸும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்கு எதையாவது ஆக்கிச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நீ சிரிப்பாய். நம் தெரு மருதம்மாள் டீச்சரின் மகள் டப்ளினுக்கு வருகிறாள், அவள் பெட்டியில் உனக்குப் பருப்புப் பொடியும் பூண்டு ஊறுகாயும் உள்ளே போட்டுக்கொள்ள இரண்டு கெட்டி பனியனும் வைக்கிறேன், அதற்கு நடுவில் இதையும் மடித்து வைக்கிறேன். போனில் என்றால் அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே பேச எனக்கு வாய் வருவதில்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. அவர் மகள் ரைசா புகுந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள், மாமியார் நல்ல மாதிரி. நம் தெருவில் குழாய் பதிக்கிறோம் என்று தோண்டிப் போட்டு அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஆட்டோ உள்ளே வருவதில்லை, காய்கறிக்காரர் முனையிலேயே நின்று கத்துகிறார். மற்றபடி ஊர் எப்போதும் போலத்தான், பாதி கம்பெனியில் ஓவர்டைம் இல்லை, வடக்கத்திப் பையன்கள் கொஞ்சம் பேர் ஊருக்கே போய்விட்டார்கள்.

போன வாரம் நீ சொன்ன ஒரு சொல் எனக்கு மனதிலேயே நிற்கிறது கண்ணு. உன் கல்லூரியில் முன்பு படித்த ஒரு அம்மா அங்கே பெரிய துணிக் கம்பெனி ஒன்றில் இருக்கிறார், அவருக்கு ஒரு மெயில் போட்டு நேரில் பார்த்துப் பேசு என்று உன் பேராசிரியர் பெயரும் விலாசமும் கொடுத்தார் என்றாய். எழுதினாயா என்று கேட்டால், முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட போயி எப்படிம்மா கேக்கறது, பிச்சை கேக்கற மாதிரி இருக்கு என்றாய். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று நீ ஹலோ ஹலோ என்றாய். சிக்னல் போகவில்லை. உன் அத்தா சொன்ன அதே சொல்லை அதே குரலில் நீ சொன்னாய், அதனால்தான். அத்தாவுக்கு வேலை போனது உனக்குத் தெரியும். பொங்கலூரில் வேறு வேலை கிடைத்ததும் தெரியும். நடுவில் நடந்ததை நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை, பரீட்சை நேரத்தில் எதற்கு உன் மனதைக் கெடுப்பது என்று விட்டோம். இப்போது உனக்கு அது உதவும் என்று தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்காக்காரன் வரியை ஏற்றினதும் அத்தா கம்பெனிக்கு ஆர்டர் ஒவ்வொன்றாக நின்றதல்லவா, பெரிய சம்பளக்காரர்களை முதலில் போகச் சொன்னார்கள். அத்தனை வருஷம் அந்தக் கம்பெனியில் ஆர்டர் பிடிப்பதிலிருந்து துணி கப்பலேறுகிறவரை மெர்ச்சன்டைசிங் முழுவதையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தவர், ஒரு சாயங்காலம் டிபன் பாக்ஸும் மேஜையில் இருந்த பேனாக்களும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் பயந்த அளவுக்கு அவர் அன்றைக்கு உடைந்துபோகவில்லை. நமக்கு இருக்கற அனுபவத்துக்கு ஒரு மாசத்துல கெடைச்சுரும் பத்ரு என்று சொல்லிவிட்டு டீ கேட்டார். ஆனால் அடுத்த நாளே எனக்கு ஒரு கட்டளை போட்டார், யார்கிட்டயும் சொல்லாத, கெடைச்சதுக்கு அப்புறம் கம்பெனி மாறிட்டேன்னு சொல்லிக்கலாம் என்று. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. யார் கேட்டாலும் நல்லாருக்காருங்க, வேலை ஜாஸ்தி என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். ஃபைஸ் அவருக்கு பயோடேட்டா டைப் செய்து கொடுத்தான், வேலை தேடுகிற வெப்சைட்டில் எல்லாம் ஏற்றினான். போட்டோவைச் சுற்றி வேலை தேடுகிறேன் என்று பச்சை வளையம் போட்டுக்கொள்ளலாம் அத்தா, பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்று அவன் சொன்னதற்கு, நெத்தியில எழுதி ஒட்டிக்கச் சொல்றியா என்று எரிந்து விழுந்தார். அப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒரு மாதம் போயிற்று, இன்னொன்று போயிற்று. வெப்சைட்டிலிருந்து ஒருவனும் கூப்பிடவில்லை. வயதைப் பார்த்ததும் தள்ளிவிடுகிறார்கள் போலிருக்கிறது. இவர் காலையில் குளித்து சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் மெர்ச்சன்டைசர்கள் கூடுகிற டீக்கடைப் பக்கம் போவதை விட்டார். ஜும்மாவுக்குக்கூட நம் பள்ளிவாசலை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கு வண்டி எடுத்துப் போனார், ஏன் என்றால் அங்கே தெரிந்த முகம் இல்லை. இத்தனை பேரைத் தெரிந்து வைத்திருக்கிறீர்களே, ஒரு நாலு பேருக்குப் போன் போட்டுச் சொன்னால் என்ன என்று ஒருநாள் நான் கேட்டதற்குத்தான் அந்தச் சொல்லைச் சொன்னார், எங்கிட்ட கை கட்டி நின்னவங்ககிட்ட போயி பிச்சை கேக்கச் சொல்றியா என்று. அவர் எவ்வளவு பேருக்கு நல்லது செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும் கண்ணு. அந்த நல்லதே அவருக்குக் குறுக்கே வந்து நின்றது. கொடுத்துப் பழகின கை, நீட்ட வரவில்லை.

பிரபாகரை உனக்கு ஞாபகம் இருக்கும், உடுமலைப்பேட்டைப் பையன், அத்தாவிடம் ட்ரெய்னியாகச் சேர்ந்து அப்புறம் படிப்படியாக மேலே போனவர், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பெருநாளுக்கு வீட்டுக்கு வருவார். இப்போது பல்லடம் பக்கம் ஒரு பெரிய ஃபேக்டரிக்கு ஜி.எம். ஒருநாள் மத்தியானம் அவர் கூப்பிட்டார். போன் டீப்பாய் மேல் இருந்தது, பிரபாகர் என்று பெயர் வந்தது எனக்கே தெரிந்தது. அத்தா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எடுங்களேன் என்றேன். விஷயம் தெரிஞ்சு துக்கம் விசாரிக்கக் கூப்பிடறான், எனக்கு வேண்டாம் என்றார். அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. நான் அடுப்பில் சாதம் வைத்திருந்தேன், உள்ளே போய்விட்டேன். அப்புறம் அவர் வாட்ஸப்பில், சார் ஃப்ரீயா இருக்கும்போது கூப்பிடுங்க, ஒரு சின்ன விஷயம் என்று அனுப்பியிருந்தார். அத்தா அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு விட்டுவிட்டார். திரும்பக் கூப்பிடவே இல்லை. நான் ஒரு தடவை சொன்னதோடு நிறுத்தியிருக்கக் கூடாது, சண்டை வந்தாலும் வரட்டும் என்று அந்த போனை எடுத்து அவர் காதில் வைத்திருக்க வேண்டும் என்று இப்போது எத்தனை தடவை நினைத்தாலும் அது நடக்கப்போவதில்லை.

ரைசாவின் நிக்காஹ் கொமரலிங்கத்தில் நடந்ததே, நீ வீடியோ காலில் பார்த்தாயே, அன்றைக்குத்தான் எல்லாம் வெளியில் வந்தது. அத்தா வரவே மாட்டேன் என்றார். என் அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் தனியாகப் போய் நின்றால் ஊர் என்ன கேட்கும் என்று அழுது கூட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை பிரபாகரின் ஃபேக்டரியில்தான் வேலை பார்க்கிறார் என்பது எங்களுக்கு அங்கே போய்த்தான் தெரியும். ஆண்கள் பந்தியில் அத்தாவும் உன் பெரியத்தா முகமது ரபீக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பிரபாகர் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். சார், பாத்து எவ்வளவு நாளாச்சுங்க, கம்பெனி எப்படிங்க போகுது என்று கேட்டிருக்கிறார். அத்தா, நல்லா போகுது பிரபா, கொஞ்சம் ஆர்டர் டல், மத்தபடி ஒண்ணும் இல்ல என்றிருக்கிறார். பெரியத்தாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. நான் உன் பெரியம்மாவிடம் மட்டும் ஒருநாள் சொல்லி அழுதிருந்தேன், அவர் காதுக்கும் போயிருக்கிறது. ஏம்ப்பா அய்யூப், வேலை போயி எத்தனை மாசமாச்சு, இவருகிட்ட சொல்றதுல என்ன என்று பந்தியிலேயே கேட்டுவிட்டார். பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் சாப்பிடுவதை நிறுத்திப் பார்த்தார்களாம். பிரபாகர் பாதியில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மண்டபத்து வாசலில் நான் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டார். ஏனுங்கக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா, நான் அப்படி என்னங்க வேத்து ஆளா என்றார், கண் கலங்கிவிட்டது அவருக்கு. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது உடுமலையில் பஸ் மாறினோம், திருப்பூர் வந்து சேருகிறவரை அத்தா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும், ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டியா, இப்ப சந்தோஷமா என்றார். நானும் விடவில்லை, ஆமாம் சந்தோஷம்தான், எனக்கு உங்களைப் பார்த்துப் பார்த்து நெஞ்சு அடைக்கிறது என்று முதல் முறையாகக் கத்தினேன். ஃபைஸ் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் காலை பிரபாகர் வீட்டுக்கே வந்தார். டீ குடித்து முடிக்கிறவரை மூன்று பேரும் வேறு என்னென்னவோ பேசினோம். அப்புறம் அத்தாதான் கேட்டார், அன்னிக்கு ரெண்டு தடவை கூப்பிட்டியே பிரபா, என்ன விஷயமா என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார். இல்லீங்க சார், எங்ககிட்ட யூரோப் ஆர்டர் புதுசா வந்துச்சுங்க, குழந்தைத் துணி முழுக்க. அதை எடுத்து நடத்தத் தெரிஞ்ச சீனியர் ஆள் வேணும்னு தேடிட்டு இருந்தேனுங்க, உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தாச் சொல்லுவீங்கன்னுதான் கூப்பிட்டேன், நீங்களே சும்மா இருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்லீங்க என்றார். இப்பவும் இருக்கா என்று நான்தான் கேட்டேன். பெங்களூர்க்காரர் ஒருத்தர் சேர்ந்துட்டாருங்க அக்கா, நல்ல மனுஷன், அவரை எப்படிங்க போகச் சொல்றது என்றார். அத்தா எழுந்து தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போனார். வெகு நேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அந்த முதுகை நான் மறக்க மாட்டேன் அஃப்ஷீன்.

பிரபாகர் போகும்போது ஒன்று சொன்னார். நான் நாலு எடத்துல சொல்லி வெக்கறேனுங்க சார், ஆனா நீங்களும் பேசணுங்க, நான் சொன்னா இன்னொருத்தர் பேச்சு, நீங்க சொன்னாத்தான் உங்க பேச்சு என்றார். அத்தா அன்றைக்கு முழுவதும் யோசித்தார். மறுநாள் காலை பசியாறிவிட்டு சாயப்பட்டறை பாண்டித்துரைக்குப் போன் போட்டார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேத்தி பிறந்ததைக் கேட்டார், உடம்பைக் கேட்டார், மழை இல்லாததைப் பற்றிக் கேட்டார், கடைசியில் சரிங்க அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டார். விஷயத்தைச் சொல்லவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்பு. சிரித்த வேகத்திலேயே மறுபடி போட்டார், பாண்டித்துரை, நான் சொல்ல வந்தது வேறங்க, எனக்கு இப்ப வேலை இல்லைங்க, உங்க பக்கம் எப்படி இருக்குது, யாரு என்ன செய்யறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு கூப்பிட்டேன் என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அந்தப் பக்கம் அவர், அடடா, உங்களுக்கும் அதே கதிதானுங்களா, எங்க பட்டறையில பாதி மெஷின் நின்னு கெடக்குதுங்க என்று தன் கஷ்டத்தையெல்லாம் கொட்டினார். இத்தனை நாளும் இவர் தன்னை மட்டும்தான் ஊர் பார்த்துச் சிரிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார், அங்கே ஒவ்வொருத்தரும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்கிட்ட வேலை இல்லீங்க, ஆனா பொங்கலூர்ல சித்ரகலான்னு ஒரு அம்மணி சின்னதா யூனிட் போட்டிருக்காங்க, வெளிநாட்டு ஆர்டர் புடிச்சுட்டு டெஸ்ட்டுல பாஸாகாம முழிக்கறாங்க, போயிப் பாருங்க என்றார் பாண்டித்துரை.

அதற்கப்புறம் அத்தா தினமும் ஒருத்தர் இரண்டு பேருக்குப் பேசினார். சிலர் எடுக்கவில்லை. ஒருத்தர், இவர் கைதூக்கி விட்டவர்தான், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்தவர் இன்றுவரை கூப்பிடவில்லை. அது வலிக்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான், மற்றவர்கள் எல்லாரும் நன்றாகவே பேசினார்கள். பொங்கலூருக்குப் போனபோது பயோடேட்டாவை எடுத்து நீட்டவில்லையாம். உங்க சிக்கல் என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன் அம்மணி என்றாராம். அந்த அம்மா குழந்தைச் சட்டைகளைக் கொண்டுவந்து மேஜை மேல் போட்டிருக்கிறார், பட்டனை இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வருகிறது, அதனால்தான் பாஸாகவில்லை. அத்தா உட்கார்ந்து எந்த இடத்தில் தையல் மாற்ற வேண்டும் என்று பேசியிருக்கிறார். அவரும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாராம். மறுபடி ஒருநாள் வரச் சொன்னார், மறுபடியும் வரச் சொன்னார், அப்புறம் நீங்க இங்கேயே இருந்துருங்களேன் என்றார். வேலை சேர்ந்ததும் அத்தா செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தன்னோடு பேசின ஒவ்வொருத்தருக்கும் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார், வேலை கொடுக்காதவர்களுக்கும் சொன்னார். வேலை வேணும்னா கூப்பிடறவங்கதானுங்க ஜாஸ்தி, கெடைச்சதுக்கு அப்புறம் கூப்பிட்ட ஆளு நீங்கதான் என்று ஒருத்தர் சிரித்தாராம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, அம்மா ஏன் இப்படி வருத்தமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். முடிந்தது உண்மைதான். ஆனாலும் கம்பெனி வேன் பல்லடம் வழியாகத்தான் போகிறது, பிரபாகரின் ஃபேக்டரி கேட்டைத் தாண்டித்தான் தினமும் அத்தா போய் வருகிறார். இங்கே அவருக்குத் தனி அறை கிடையாது, கட்டிங் டேபிள் ஓரத்தில் ஒரு நாற்காலி. வயசான காலத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அந்த மாதங்களில் ஏறின சர்க்கரை இன்னும் இறங்கவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது ஃபைஸ். அவனுக்கு பெங்களூரில் டிசைன் படிக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை, உனக்குத் தெரியும். அதற்கு மனுப் போடுகிற நேரத்தில் வீடு இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு அவன் வாயே திறக்கவில்லை. இங்கேயே பி.காம். சேர்ந்துவிட்டான். ஏன்டா கேட்கவில்லை என்று இப்போது கேட்டால், நீங்களே யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கலையேம்மா, நான் எப்படிக் கேப்பேன் என்கிறான். நானும் அத்தாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கையேந்தாமல் வாழக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்து, பிள்ளைகளுக்கு வாயைக் கட்டிக்கொள்ளத்தான் கற்றுக்கொடுத்துவிட்டோமோ என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு வேதனை. நீ போனில் அந்தச் சொல்லைச் சொன்னதும் அது இரட்டிப்பாகிவிட்டது.

அதனால் என் கண்ணு, அந்த அம்மாவுக்கு நீ எழுது. வேலை கொடுங்கள் என்று கேட்காதே. நான் இன்னார், இந்தப் படிப்பு முடித்திருக்கிறேன், பனியன் தைக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள், உங்கள் வேலை எப்படிப்பட்டது, அதற்குள் வர நான் இன்னும் என்ன தெரிந்துகொள்ள வேண்டும், கொஞ்ச நேரம் பேச முடியுமா என்று கேள். நேராகச் சொல், சுற்றி வளைக்காதே, மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதே. போவதற்கு முன்னால் அவர் கம்பெனி என்ன துணி விற்கிறது என்று கடையில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுப் போ. பேசி முடித்ததும் இன்னும் யாரிடம் பேசினால் நல்லது என்று ஒரு பெயர் கேட்டு வாங்கு, வீட்டுக்கு வந்ததும் நன்றி என்று இரண்டு வரி எழுதிப் போடு. அவர் பதில் போடாவிட்டால் உன்னைக் குறைவாக நினைத்தார் என்று எடுத்துக்கொள்ளாதே, அவருக்கும் வீட்டில் அடுப்பு இருக்கும், குழந்தை இருக்கும். ஒரு வாரம் பொறுத்து இன்னொரு தடவை எழுது. நீ வேலை செய்கிற ரொட்டிக் கடையில் அந்த முதலாளி அம்மாவிடமும் நான் இன்ன வேலை தேடுகிறேன் என்று சொல்லி வை, யாருக்கு யாரைத் தெரியும் என்று நமக்கு என்ன தெரியும். உன்னிடம் யாராவது இப்படி வந்து பேசினால் நீயும் முகம் சுளிக்காமல் பேசு.

பனியனை முதலில் ஒருமுறை தண்ணீரில் அலசிப் போடு, இல்லாவிட்டால் அரிக்கும். ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே. டீச்சர் மகளை ஒருநாள் உன் அறைக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடு, அவளுக்கும் அங்கே யாரையும் தெரியாது. இந்தக் கடிதம் எழுதினது அத்தாவுக்குத் தெரியாது, நீயாக எதுவும் கேட்காதே, என்றைக்காவது அவராகச் சொல்லுவார். அல்லாஹ் உன் நாவில் தைரியத்தையும் உன் வாசலில் நல்ல மனிதர்களையும் வைக்கட்டும், உன் ரிஸ்க்கை, உனக்கென்று எழுதின பிழைப்பை, லேசாக்கித் தரட்டும், ஆமீன். ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். வேலை கிடைத்த பிறகு நல்ல செய்தியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எங்களிடம் பேசாமல் இருந்துவிடாதே. இன்னைக்கும் ஒண்ணும் ஆகலம்மா என்று சொல்வதற்காகவே கூப்பிடு. அதைக் கேட்பதற்குத்தான் நான் இங்கே இருக்கிறேன்.

துஆவுடன்,
உன் அம்மா
அ. பத்ருன்னிசா